ஹார்ப்சிகார்டை பியானோ மாதிரி போட்டு குத்தாதீங்க

ஹார்ப்சிகார்ட்ங்கிறது பியானோ மாதிரியே கீ வெச்ச பழைய ஐரோப்பிய வாத்தியம். பியானோ கொஞ்சம் தெரிஞ்சவங்க அது முன்னாடி உக்காந்ததும் பண்ற முதல் தப்பு, சத்தம் பத்தலைன்னு கீயை ஓங்கிக் குத்துறதுதான். நானும் அதைத்தான் பண்ணேன். எவ்ளோ குத்தினாலும் அதே சத்தம்தான், கூடவே கட்டை 'டொக்கு டொக்கு'ன்னு இடிக்கிறது மட்டும் நல்லா கேட்டுச்சு.

உள்ள நடக்குற வேலையே வேற. பியானோல சுத்தியல் கம்பியை அடிக்கும், இதுல வீணை மாதிரி மீட்டுறது. கீயோட பின்முனையில ஜாக்னு மெல்லிசா ஒரு மரக்குச்சி நிக்கும், அதுல குட்டியா ஒரு நாக்கு, நாக்குல காக்கா இறகுத் தண்டைச் சீவி வெச்ச ஒரு முள்ளு, இப்போ நிறைய பேர் இறகுக்குப் பதிலா பிளாஸ்டிக்தான் போடுறாங்க. கீயை அமுக்கினா ஜாக் மேல ஏறி முள்ளு கம்பியைச் சுண்டிட்டுப் போகும், விட்டா இறங்கும்போது நாக்கு பின்னாடி சாஞ்சு வழிவிடும், பக்கத்துல இருக்கிற துணித்துண்டு கம்பி மேல உக்காந்து சத்தத்தை அமத்திடும். மெதுவா அமுக்கினாலும் வேகமா அமுக்கினாலும் முள்ளு கம்பியை வளைக்கிறது கிட்டத்தட்ட ஒரே அளவுதான், அப்புறம் சத்தம் எங்கேர்ந்து கூடும்?

அப்போ இதுல எக்ஸ்பிரஷனே கிடையாதான்னு முடிவுகட்டுறது அடுத்த தப்பு. கீயை எப்போ விடுறோம்ங்கிறதுலதான் விஷயமே இருக்கு. ஒரு ஸ்வரத்தை விடாம அடுத்ததை லேசா அது மேல ஏத்தினா இழைஞ்சு வரும், துளி முன்னாடியே விட்டுட்டா அடுத்த ஸ்வரம் அழுத்தமா விழுந்த மாதிரி கேக்கும், உண்மையில அழுத்தமே குடுத்திருக்க மாட்டோம். பிரான்ஸ்ல கூப்ரான்ங்கிற இசையமைப்பாளர் 1716ல போட்ட வாசிப்பு முறை புத்தகத்துலயே, சின்னப் பசங்களுக்கு முள்ளு ரொம்ப லேசா இருக்கிற வாத்தியத்தைக் குடுங்க, பலத்தைவிட விரல் நெகிழ்வுதான் முக்கியம்னு சொல்லியிருக்கார்.

"இது பியானோவுக்கு முன்னாடி வந்த அரைகுறை வெர்ஷன்" அப்படின்னு சொல்றவங்களைப் பாத்தா எனக்கு எரிச்சலா வரும். 1700 வாக்குல ஃப்ளாரன்ஸ்ல பியானோவைச் செஞ்ச கிறிஸ்டோஃபோரியே ஹார்ப்சிகார்ட் செய்றவர்தான். அதுக்கு நாப்பது வருஷம் கழிச்சு, 1741ல வந்த கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்ங்கிற இசைத்தொகுப்பை ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் ரெண்டு கீபோர்டு வெச்ச ஹார்ப்சிகார்டுக்குன்னே எழுதினார். பியானோல அதை வாசிச்சா சில இடத்துல ரெண்டு கையும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மாட்டிக்கிறது அதனாலதான்.

பழைய ரெக்கார்டிங் ஒண்ணைக் கேட்டுட்டு அந்தக் காலத்துல இப்படித்தான் இருந்துச்சுன்னு நம்பிடவும் வேணாம். ஹார்ப்சிகார்ட் கலைஞர் வாண்டா லாண்டோவ்ஸ்கா வாசிச்சது 1912ல ப்ளேயல் பியானோ கம்பெனி புதுசா டிசைன் பண்ணின ஹார்ப்சிகார்ட், பதினெட்டாம் நூற்றாண்டு வாத்தியத்தைவிட ரொம்ப கனம். அதுல கால்கிட்ட வரிசையா பெடல் இருக்கும், ஆனா அது எந்த செட் கம்பி பேசணும்னு மாத்துறதுக்கு, சத்தத்தை இழுத்துப் பிடிக்கிறதுக்கு இல்ல.

ட்யூனிங்ல ஒண்ணே ஒண்ணு. இப்போ நிறைய ஹார்ப்சிகார்ட்ல ட்யூனிங்குக்கு வெச்சுக்கிற A ஸ்வரம் 415 ஹெர்ட்ஸ்ல இருக்கும், அதாவது நம்ம 440ஐ விட அரை ஸ்வரம் கம்மி. சுருதி கம்மியா இருக்கேன்னு முறுக்கி ஏத்தாதீங்க, மெல்லிசு கம்பி, பட்டுன்னு அறுந்துடும்.

வீட்ல கீபோர்டுல ஹார்ப்சிகார்ட் டோன் போட்டு பாக் வாசிக்கிறவங்க டச் ரெஸ்பான்ஸை (அமுக்குறதுக்கு ஏத்த மாதிரி சத்தம் மாறுற செட்டிங்) ஆஃப் பண்ணிட்டு, சத்தத்தை இழுத்துப் பிடிக்கிற சஸ்டெயின் பெடலையும் கால்ல தட்டுப்படாத தூரத்துல தள்ளி வெச்சுட்டு ஒரு தடவை வாசிச்சுப் பாருங்க, ஆரம்பத்துல கை கட்டிப் போட்ட மாதிரிதான் இருக்கும்.