பாரிஸ் வந்த புதிதில் உறைப்புக்கு ஒரு சோஸ்

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்குப் போனால் நம்முடைய சாமான் எல்லாம் வாங்கலாம், சரி. ஆனால் வந்த புதிதில் பலருக்கும் கிடைப்பது ஒற்றை அறையும் ஒரு மின்சார அடுப்பும்தான். அதில் செத்தல் மிளகாய் தாளித்தால் புகை போக வழியிருக்காது. நீங்களும் இருமுவீர்கள், பக்கத்து வீட்டுக்காரரும் கதவைத் தட்டுவார். அப்படிப்பட்டவர்களுக்கென்றே செய்ததுபோல இருப்பது கரீபியன் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவுகளான மார்த்தினிக், குவாதலூப்காரர்களின் சோஸ் ஷியன். கேத்தலில் தண்ணீர் கொதித்தாலே போதும்.

மிளகாய்க்கு ஷாத்தோ ரூஜ் போங்கள், லாச்சப்பலிலிருந்து நடக்கும் தூரம்தான். ரூ தெஜான் சந்தைப் பக்கம் ‘பிமோன் அந்தியே’ என்று கேளுங்கள். மஞ்சளும் சிவப்புமாக, மடிப்பு மடிப்பாக, குட்டிக் கறிமிளகாய் போல இருக்கும். உருவத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். இந்த இனத்தின் உறைப்பு ஸ்கோவில் அளவில் 1,00,000 முதல் 3,50,000 வரை போகும். பச்சை மிளகாய்க் கணக்கில் நாலைந்தை வெட்டிப் போட்டால் வாயில் வைக்க முடியாது. முதல் தடவை கால்வாசி போதும். வெட்டியதும் பழ வாசம் எழும், அதற்காகத்தான் இந்த மிளகாய். உறைப்பு கூடுதலாக இருப்பது விதையில் அல்ல, விதை ஒட்டியிருக்கும் வெளிறிய நரம்பில். அதை வழித்து எடுத்துவிட்டால் வாசம் நிற்கும், உறைப்பும் தாங்கும். வெட்டி முடிந்ததும் விரல்களில் எண்ணெய் பூசித் தேய்த்துவிட்டு, அப்புறம் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வெறும் தண்ணீருக்கு அந்தக் காரம் போகாது.

வெறும் ‘சித்ரோன்’ என்று கேட்டால் மஞ்சள் எலுமிச்சைதான் தருவார்கள். நமக்கு வேண்டிய தேசிக்காய் ‘சித்ரோன் வேர்’.

நாலு வெங்காயத்தாள், இரண்டு பல் உள்ளி, ஒரு பிடி பார்சிலி, கொஞ்சம் தைம் இலை, மிளகாய் எல்லாவற்றையும் பொடியாக அரிந்து கிண்ணத்தில் போட்டு, அரைத் தேக்கரண்டி உப்பும் சேருங்கள். 100 மில்லிலீட்டர் கொதிநீரை மேலே ஊற்றி மூடிவிடுங்கள். உள்ளியின் பச்சை வாடை அடங்கி, இலைகளின் சாறு நீரில் இறங்கும். கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகுதான் ஒன்றரைத் தேசிக்காயின் புளியும் மூன்று மேசைக்கரண்டி எண்ணெயும் விட வேண்டும். கொதிக்கக் கொதிக்க விட்டால் தேசிக்காய் வாசம் மங்கிவிடும். அரை மணி நேரம் ஊறட்டும். மிக்ஸியில் அடிக்காதீர்கள், கூழாகிவிடும்.

தீவுகளில் இதைச் சுட்ட மீனுக்கும் கோழிக்கும் ஊற்றுவார்கள். நீங்கள் பொரித்த மீனுக்கும் அவித்த மரவள்ளிக்கும் ஊற்றிப் பாருங்கள். அதே கடைகளில் ‘கொலம்போ’ என்ற மல்லி, மஞ்சள் சேர்ந்த தூளும் கண்ணில் படும். 1853இலிருந்து பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாக அந்தத் தீவுகளுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர். அந்தத் தூள் அவர்கள் கைப்பக்குவத்தில் வந்தது. கடைக்காரரிடம் பேச்சுக் கொடுக்க இதைவிட நல்ல சாட்டு இல்லை.

மிஞ்சிய சோஸைக் குளிர்பெட்டியில் வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். எண்ணெயில் பச்சை உள்ளி கிடப்பதால் வெளியே வைக்கவே கூடாது.