வெளிநாட்டில் முடி வெட்டிக்கொள்ளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் நான் வழக்கமாகப் போகும் சலூனில் நாற்காலியில் உட்கார்ந்தபின் எதையும் சொல்ல வேண்டியதில்லை. உச்சியில் இரட்டைச் சுழி இருப்பதும், அந்த இடத்தை ஒட்ட வெட்டினால் முடி குத்திட்டு நிற்கும் என்பதும், இடப்பக்கக் கிருதாவுக்குக் கீழே ஒரு மரு இருப்பதும் 20 ஆண்டுகளாக என் தலையைப் பார்த்துவரும் கடைக்கார அண்ணனுக்குத் தெரியும். மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகும் செட்டிநாட்டுப் பிள்ளைகளும், பேரப்பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா போய் மாதக்கணக்கில் தங்கும் பெரியவர்களும் இந்த விவரங்களைச் சொல்லாமலே புதிய கடையில் தலையைக் கொடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

முதல் தவறு, எண்ணை மட்டும் சொல்வது. நம் ஊரில் ‘மூணாம் நம்பர் போடுங்க’ என்றால் மெஷினில் மாட்டும் மூன்றாம் எண் சீப்பைக் குறிக்கும். அது ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் மூன்று பங்கு, அதாவது ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் முடியை விட்டுவைக்கும். ஜப்பானிலோ மில்லிமீட்டர் கணக்கில்தான் பேசுவார்கள். டோக்கியோவில் மொழி தெரியாமல் நான் மூன்று விரலைக் காட்ட, கடைக்காரர் அதை 3 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டார். காதுக்குப் பின்னால் மெஷின் ஒருமுறை ஏறி இறங்கியதுமே கண்ணாடியில் தோல் வெளுத்துத் தெரிந்தது. அதற்குமேல் மறுபக்கத்தையும் அதே அளவுக்கு ஒட்ட வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அவர்மேல் பிழை இல்லை, கேட்ட அளவைத்தான் வெட்டினார். ஆகவே ஊரைவிட்டுக் கிளம்புமுன் உங்கள் கடைக்காரரிடமே பக்கவாட்டிலும் பின்கழுத்திலும் எந்தச் சீப்பு போடுகிறார் என்று கேட்டு, அதை மில்லிமீட்டரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படம் காட்டுவது நல்லதுதான், ஆனால் நடிகரின் படத்தைக் காட்டுவதால் பயனில்லை. அவருடைய முடியின் அடர்த்தியும் சுருளும் வேறு. ஊரில் வெட்டிக்கொண்ட மறுநாள் முன்புறம், இரு பக்கம், பின்புறம், உச்சி ஆகியவற்றைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டால் மொழியே தேவைப்படாது. சுருட்டை முடி உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஈரத்தில் நீண்டு தெரியும் முடி உலர்ந்ததும் சுருங்கிவிடுமாதலால், முதலில் சற்று நீளமாகவே விடச் சொல்லி, உலர்ந்தபின் தேவையானால் மேலும் குறைக்கச் சொல்ல வேண்டும்.

சவரத்துக்கு ஒத்துக்கொள்ளுமுன் பிளேடைப் பாருங்கள். கூச்சத்தால் பலர் தவறவிடுவது இதைத்தான். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது, கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தமே தொற்றுக்குப் போதுமானது. வெட்டுப்பட்ட இடத்தில் படிகாரம் தேய்த்தால் இரத்தம் நிற்குமே தவிர, உள்ளே போன கிருமி வெளியேறாது. உறையிலிருந்து புது பிளேடை உங்கள் கண்முன் பிரித்து மாட்டச் சொல்லுங்கள். மறுத்தால் முடி வெட்டுவதோடு எழுந்துவிடலாம். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு, பயணத்துக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

சில நாடுகளில், நம் ஊரில் போலவே, வெட்டி முடித்ததும் கேட்காமலே தலையைப் பிடித்துத் திருப்பிக் கழுத்தில் நெட்டி எடுப்பார்கள். சுகமாக இருக்கிறதே என்று இடம்கொடுக்க வேண்டாம். திடீர்த் திருப்பத்தில் கழுத்தெலும்பை ஒட்டி மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. வியட்நாமில் சலூன்களில் நீண்ட கருவிகளால் காது சுத்தம் செய்வது பரவலான வழக்கம். செவிப்பறையை நினைத்து அதையும் மறுத்துவிடுங்கள். இரண்டுக்கும், உள்ளங்கையைக் காட்டித் தலையசைத்தாலே புரிந்துகொள்வார்கள்.

கட்டணத்தை உட்காருமுன் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் கட்டணத்துக்கு மேல் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் கொடுப்பது வழக்கம், ஜப்பானில் அப்படி ஒரு வழக்கமே இல்லை. நம் ஊரில் செவ்வாய்க்கிழமை கடை அடைப்பதுபோல் டோக்கியோவில் பல முடிதிருத்தகங்களுக்குத் திங்கள்கிழமை விடுமுறை.

கல்யாணத்துக்கோ வேலை நேர்காணலுக்கோ முந்தின நாள் புதுக் கடைக்குப் போகாமல், ஒரு வாரம் முன்பே போங்கள். முதல் தடவை மெஷின் ஓடியதும் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, கைக்கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தொடரச் சொல்லுங்கள்.