சொந்தக் குதிரை இல்லாமல் குதிரையேற்றப் போட்டிக்குப் போவது எப்படி

சனிக்கிழமை விடியற்காலை நாலேகாலுக்கு அல்சூரில் எங்கள் வீட்டு அடுப்படியில் லைட் எரிந்தால், அன்றைக்கு எனக்குப் போட்டி என்று எதிர்வீட்டுக்கும் தெரிந்துவிடும். அம்மா ஃபிளாஸ்கில் காபி ஊற்றுவார். நான் பூட்ஸைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொள்வேன். பெங்களூரில் இன்ஜினியரிங் படித்த நாலு வருடமும் கல்லூரிக் குதிரையேற்ற அணியில் இருந்தேன், கடைசி இரண்டு வருடம் கேப்டன். படிப்பு முடிந்த பிறகும் ஜூனியர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான்: "அக்கா, எங்க யார்கிட்டயும் குதிரை இல்லையே, போட்டிக்கு எப்படிப் போறது?"

எங்களிடமும் இல்லை. அணியில் ஏழு பேர், ரைடிங் பள்ளி கொடுப்பது நாலு குதிரை. யாருக்கு எது என்பது சில நேரம் போட்டி அன்று காலையில்தான் தெரியும். இந்த ஊர்க்காரரான ஃபவாத் மிர்ஸா 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஈவென்டிங் (ஒரே குதிரையில் மூன்று வகைப் போட்டி) பிரிவில் தனிநபர் வெள்ளி வாங்கினார். 1982 டெல்லி ஆசியப் போட்டிக்குப் பிறகு குதிரையேற்றத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தனிநபர் பதக்கம் அது. அன்று அவர் ஏறியிருந்த அதே செனியூர் மெடிகாட் மேல்தான் டோக்கியோ ஒலிம்பிக்கிலும் ஏறினார். அவருக்கும் அந்தக் குதிரைக்கும் நடுவே வருடக்கணக்கான பழக்கம் இருந்தது. நமக்குக் கிடைப்பது பத்து, பதினைந்து நிமிடம். ஆகவே குதிரையேற்றம் கற்றுக்கொள்ளும்போதே, தெரியாத குதிரையைச் சீக்கிரம் தெரிந்துகொள்வதையும் தனி வித்தையாகக் கற்க வேண்டும். நான் சொல்லப்போவது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

அமெரிக்கக் கல்லூரிகளில் 1967லிருந்தே இதற்கென்று ஒரு போட்டி முறை இருக்கிறது. போட்டி நடத்தும் கல்லூரி குதிரைகளைக் கொடுக்கும், யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். தடை தாண்டல் இல்லாத பிளாட் வகுப்பில் ஏறியதும் நேராகக் களத்துக்குள் போக வேண்டும், வார்ம்-அப் கிடையாது. அதனால் காலையில் வேறு ஆட்கள் அந்தக் குதிரைகளை ஓட்டிக் காட்டும்போது, வந்திருக்கும் அணிகள் எல்லாம் வேலியோரம் நின்று கண் கொட்டாமல் பார்க்கும். நீங்களும் அதைச் செய்யுங்கள். முன்னால் போகிற வகுப்பில் உங்கள் குதிரையை வேறு யாராவது ஓட்டினால், போனை உள்ளே வைத்துவிட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் திரும்பும்போது தோளைச் சாய்க்கிறது, எந்த மூலையில் காதை முன்னால் நிமிர்த்துகிறது, தடையைத் தாண்டிய பிறகு வேகம் எடுக்கிறதா, மந்தமாகிறதா? அந்த மூன்று நிமிடம் பத்து நிமிட வார்ம்-அப்புக்குச் சமம்.

போட்டி நாளுக்கு முன்பே முடிக்க வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதத்தைப் புதன்கிழமைக்குள் பி.டி. சாரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். திங்கட்கிழமை போய்க் கேட்டால் வருகைப் பதிவு போனது போனதுதான். கோட்டும் வெள்ளை ப்ரீச்சஸும் (குதிரையேற்றக் கால்சட்டை) அணிக்குப் பொதுவாக இரண்டு அளவில் வாங்கி வைத்தால் போதும், மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். ஹெல்மெட் மட்டும் கடன் வாங்காதீர்கள். மற்ற எல்லாவற்றிலும் மிச்சம் பிடித்து அதை உங்கள் தலை அளவுக்குப் புதிதாக வாங்குங்கள். உள்ளே ஏ.எஸ்.டி.எம். எஃப்1163 அல்லது விஜி1 என்று தரக் குறியீடு இருக்கிறதா பாருங்கள். சைக்கிள் ஹெல்மெட் இதற்கு உதவாது. பலமாக ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே நசுங்கியிருக்கும், அதை மாற்றிவிட வேண்டும். வேறு ஒருவருடைய பழைய ஹெல்மெட்டுக்கு என்ன ஆகியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

இனி லாயம். போட்டி நாளில் நீங்கள் முதலில் போய்ப் பேச வேண்டியது கோச்சிடம் அல்ல, சைஸ் அண்ணனிடம். குதிரைக்குத் தீனி போட்டு, தேய்த்து, குளம்பு சுத்தம் செய்து, இரவும் பகலும் கூடவே இருப்பவர் அவர். நான் போன பள்ளியில் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அண்ணன் இருந்தார். இரண்டாம் வருடம் எனக்கு ராணி என்கிற பெண் குதிரை கிடைத்தது, அதற்கு முன் நான் அதில் ஏறியதே இல்லை. அண்ணன் அதன் நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டே சொன்னார்: "ராணிக்கு வாய் ரொம்ப மெத்துனு இருக்கும் பாப்பா. வெடுக்குனு இழுத்தா பயந்துடுவா. வலது கைப் பக்கம் கேண்டர் கேட்டா தப்புக் கால்ல எடுப்பா. நேர் லைன்ல கேக்காத, மூலையில கேளு." அவர் சொன்னதற்கு அர்த்தம் உண்டு. கேண்டரில், அதாவது நிதானமான பாய்ச்சல் ஓட்டத்தில், வளைவின் உட்பக்கத்து முன்னங்கால் முந்த வேண்டும். மூலையில் குதிரையின் உடம்பு தானாகவே உள்ளே வளைந்திருப்பதால் சரியான காலை எடுப்பது அதற்குச் சுலபம். அன்று களத்தில் மூலைக்காகக் காத்திருந்து கேட்டேன், ராணி ஒருமுறைகூடத் தப்பவில்லை. அந்த ஒரு வாக்கியம் இல்லாமல் நான் நேர்கோட்டிலேயே கேட்டு, கிடைக்காமல் மறுபடியும் மறுபடியும் உதைத்து, நல்ல குதிரையைக் குழப்பியிருப்பேன்.

சைஸ் அண்ணனிடம் நான் கேட்பவை இவை. வாய் மெத்தா, கெட்டியா? எந்தப் பக்கம் இறுக்கம்? குடை, ஃபிளெக்ஸ் பேனர், மைக் சத்தம், இவற்றில் எதைக் கண்டு மிரளும்? சாட்டையைக் கையில் பார்த்தாலே பதறுமா? பக்கத்துக் குதிரையை உதைக்குமா? (வாலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தால் உதைக்கும் என்று அர்த்தம், பின்னால் ஒட்டிப் போகாதீர்கள்.) இன்றைக்கு இதற்கு எத்தனையாவது ரவுண்டு? கடைசிக் கேள்வி குதிரைக்காக. இரண்டு பேரைச் சுமந்து களைத்த குதிரையிடம் மூன்றாவது ஆள் வார்ம்-அப்பில் ஆறு முறை தாண்டச் சொல்வது அநியாயம்.

ஏறுவதற்கு முன் கடினமான தரையில் சைஸ் அண்ணன் அதை ட்ராட்டில், அதாவது மெல்லோட்டத்தில், ஓட்டிக்கொண்டு வரட்டும், நீங்கள் எதிரில் நின்று தலையைக் கவனியுங்கள். சீராக வந்தால் நல்லது. ஒரு முன்னங்கால் தரையைத் தொடும்போதெல்லாம் தலை மேலே தூக்கினால் அந்தக் காலில் வலி இருக்கிறது. அப்படியானால் அன்று அந்தக் குதிரை வேண்டாம். அணிக்குப் புள்ளி போனாலும் பரவாயில்லை, உடனே கோச்சிடம் சொல்லுங்கள். மூன்றாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அப்படி விலகினேன். கால்நடை மருத்துவர் வந்து பார்த்தபோது குளம்புக்குள் சீழ் கட்டியிருந்தது.

குதிரையை அணுகும்போது இடது தோள் பக்கமாக, பேசிக்கொண்டே போங்கள். சேணம் கட்டிய உடனே ஏறாதீர்கள். பல குதிரைகள் கட்டும்போது வயிற்றை உப்பிக்கொள்ளும். பத்தடி நடத்திவிட்டு கர்த்தை, அதாவது வயிற்று வாரை, இன்னும் ஒரு துளை இறுக்குங்கள். ஏறிய பிறகு இன்னொரு முறை பாருங்கள். அங்கவடி, அதாவது கால் வைக்கும் வளையம், அதன் நீளத்துக்குச் சுலபமான கணக்கு உண்டு: விரல் நுனியை வார் தொடங்கும் இடத்தில் வைத்து, கையை நீட்டி, அங்கவடியை அக்குள் வரை இழுத்துப் பாருங்கள். கிட்டத்தட்டச் சரியாக வரும். தாண்டுவதற்கு அதிலிருந்து ஒன்றிரண்டு துளை குறைக்கலாம்.

வார்ம்-அப்பில் நேரம் வீணாகக் கூடாது. என் வரிசை இது. லகானை நீளமாக விட்டு இரண்டு நிமிடம் நடை. பிறகு நடையிலிருந்து ஹால்ட், மறுபடி நடை, இப்படி மூன்று தடவை. உங்கள் முதுகு நிமிர்ந்தாலே நிற்கிற குதிரையா, விரலை மூட வேண்டிய குதிரையா என்று இதிலேயே தெரிந்துவிடும். பிறகு இரண்டு பக்கமும் ட்ராட், ஒரு பெரிய வட்டம். இரண்டு பக்கமும் ஒரு கேண்டர். ஒரு சின்னக் குறுக்குத் தடை, ஒரு நேர்த் தடை. போதும். எதிரில் வருகிறவரை இடக்கைக்கு இடக்கையாகக் கடந்து போங்கள். நடையில் இருந்தால் வெளித் தடத்தை விட்டு உள்ளே வந்துவிடுங்கள். பயிற்சித் தடையிலும் சிவப்புக் கொடி உங்கள் வலது கைப் பக்கம் இருக்க வேண்டும்.

ரேஸ் ஓடி முடித்த தரோபிரெட் குதிரைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் ரைடிங் பள்ளிகளில் இவை நிறைய உண்டு. ரேஸில் ஜாக்கி லகானை இறுக்கிப் பிடிப்பார், குதிரை அந்தப் பிடியில் சாய்ந்துகொண்டு ஓடும். ஆகவே பயந்துபோய் நீங்கள் இழுத்தால் அதற்கு அது 'ஓடு' என்றே கேட்கும். முதல் வருடம் இது எனக்குத் தெரியாது. இரண்டாவது தடையைத் தாண்டியதும் சுல்தான் வேகம் எடுத்தான். நான் இரண்டு கையாலும் இழுத்தேன், அவன் இன்னும் வேகம் எடுத்தான். உள்ளங்கை எரிந்தது. மூன்றாம் தடை பக்கவாட்டில் போய்விட்டது, நாலாவது நேராக எதிரில் வர, அவன் தாண்டியேவிட்டான். வரிசை தப்பினால் எலிமினேஷன், அதாவது போட்டியிலிருந்து நீக்கம், மணி அடித்துவிட்டார்கள். வெளியே வந்ததும் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற எங்கள் உஸ்தாத் திட்டவில்லை. என் கையிலிருந்த லகானைத் தன் கையில் வாங்கி, விரலை மூடி, திறந்து, மூடி, திறந்து காட்டினார். "புடிச்சா விடணும்" என்றார். நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை வெளியே விட வேண்டும், விரலை மூடி உடனே தளர்த்த வேண்டும். அதற்கும் கேட்கவில்லை என்றால் பெரிய வட்டத்தில் திருப்பி, வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறிதாக்க வேண்டும். சாய்ந்துகொள்ளப் பிடி இல்லாத குதிரை தானாகவே இறங்கி வரும்.

கோர்ஸ் நடப்பதை, அதாவது தடைகளின் பாதையை முன்கூட்டியே நடந்து அளப்பதை, தோழிகளோடு பேசிக்கொண்டு போகிற நடையாக ஆக்கிவிடாதீர்கள். குதிரையின் ஒரு கேண்டர் எட்டு (ஒருமுறை எட்டிப் பாயும் தூரம்) ஏறக்குறைய 3.6 மீட்டர், அதாவது நம்முடைய 90 சென்டிமீட்டர் அடிகள் நாலு. தாண்டி இறங்க இரண்டு அடி, அடுத்ததுக்கு எழும்ப இரண்டு அடி. இரண்டு தடைக்கு நடுவே 24 அடி வந்தால் நாலைக் கழித்து, மிச்சம் 20ஐ நாலால் வகுத்து, ஐந்து எட்டு. ஆனால் உங்கள் அடி 90 சென்டிமீட்டராக இருந்தால்தான் இந்தக் கணக்கு. எங்கள் மொட்டை மாடியில் சாக்பீஸால் 90 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு, கண்ணை மூடிக்கொண்டு நடந்து பழகினேன். இரண்டு வாரத்தில் கால் அளவைப் பிடித்துக்கொண்டது. உயரம் குறைந்த பள்ளிக் குதிரையானால் ஐந்து எட்டு இடத்தில் ஆறு வைக்கலாம். அதை உள்ளே போகும் முன்பே முடிவு செய்யுங்கள்.

மணி அடித்ததும் புறப்படக் கூடாது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. மணி அடித்த பிறகு 45 வினாடி இருக்கிறது. ஒரு வட்டம் போட்டு, கேண்டர் சீரான பிறகு தொடக்கக் கோட்டைக் கடங்கள். மணிக்கு முன்பே முதல் தடையைத் தாண்டினால் எலிமினேஷன். ஒரு கட்டை விழுந்தால் 4 பெனால்டி. குதிரை மறுத்து நின்றாலும் முதல் தடவைக்கு 4. சர்வதேச விதிப்படி இரண்டாவது மறுப்பில் வெளியே. உள்ளூர்ப் போட்டிகளில் விதி கொஞ்சம் மாறலாம், அறிவிப்புத் தாளைப் படியுங்கள். மறுத்தால் குதிரையை அடிக்காதீர்கள். பெரும்பாலும் நாம் கடைசி எட்டில் குனிந்து தடையின் அடியைப் பார்த்திருப்போம். பார்வை அடுத்த தடையில் இருக்கட்டும்.

குதிரையின் நடைகளையும் அசைவுகளையும் மதிப்பிடும் டிரெஸ்ஸாஜ் வகுப்பில் தெரியாத குதிரையின் கழுத்தை அழகாக வளைக்கப் பார்க்காதீர்கள், அது மாதக்கணக்கான வேலை. 20க்கு 40 மீட்டர் களத்தில் 20 மீட்டர் வட்டத்தை நிஜமாகவே வட்டமாகப் போடுங்கள், மூலைக்குள் போங்கள், களத்தின் ஓரத்தில் குறித்திருக்கும் எழுத்து வரும் இடத்தில் நடையை மாற்றுங்கள், களத்தின் நடுவான எக்ஸில் அசையாமல் நில்லுங்கள். ஒவ்வொரு அசைவுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். துல்லியத்துக்கு உங்கள் கையில் கிடைக்கும் மதிப்பெண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

இறங்கியதும் கர்த்தைத் தளர்த்தி, அங்கவடிகளை மேலே ஏற்றி, நடத்திக்கொண்டே இருங்கள். விலாப் பக்கம் பார்த்து மூச்சை எண்ணுங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 8 முதல் 16 தான் இருக்கும், அதை நெருங்கும் வரை நடை. தண்ணீர் கொடுங்கள். தானியம் மட்டும் ஒரு மணி நேரம் கழித்து. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, வயிற்றுவலி வந்தால் உயிருக்கே ஆபத்து. நாலு காலையும் கையால் தடவிச் சூடு இருக்கிறதா பாருங்கள், குளம்பைக் குதிகாலிலிருந்து நுனிப்பக்கமாகச் சுத்தம் செய்யுங்கள். சைஸ் அண்ணனுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுங்கள், அவர் காலையிலிருந்து உட்கார்ந்தே இருக்க மாட்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வண்டியிலேயே ஒரு வேலையை முடித்துவிடுங்கள். எங்கள் அணியில் ஒரு நோட்டு உண்டு, ஒரு குதிரைக்கு ஒரு பக்கம். ஏறியவர் அன்றே எழுத வேண்டும், அடுத்த வாரம் ஏறப்போகிறவர் படிக்க வேண்டும். ராணியின் பக்கத்தில் என் கையெழுத்தில் இருப்பது இது: "வாய் மெத்து. வலது கேண்டர் மூலையில் கேள். நீல பீப்பாய்த் தடையைக் கண்டு தயங்கினாள், கழுத்தைத் தட்டிக்கொடுத்ததும் போனாள். கட்டும்போது வயிறு உப்புவாள், கர்த்தை இரண்டு முறை பார். கேரட்டை நறுக்கிக் கொடு."