யு.எஸ்.பி. பதிவுகளை நம்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டை மார்க்கெட்டிலும் திருநெல்வேலி டவுன் கடைவீதியிலும் மின்னணுத் தராசு, பார்கோடு ரீடர், பில் பிரிண்டர் ஆகியவற்றைப் பழுதுபார்ப்போர் லேப்டாப்பில் யு.எஸ்.பி. போக்குவரத்தைப் பதிந்து காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்து பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால், அதில் தெரிவதெல்லாம் கேபிளில் ஓடிய மின்குறிகளின் நேரடிப் பதிவு என்று கொள்வதே பெருந்தவறு. வயர்ஷார்க்குக்குத் தரவு தரும் பதிவு வசதிகளான லினக்ஸின் யு.எஸ்.பி.மான், விண்டோஸுக்கான யு.எஸ்.பி.பிகேப் ஆகிய இரண்டும் இயங்குதளத்துக்குள் கைமாறும் யு.ஆர்.பி. எனும் கோரிக்கைகளையே பதிகின்றன.

பில் பாதியில் நின்றுவிடும் பிரிண்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கேபிளில் ஒரு பாக்கெட் சிதைந்தால், கணினியின் யு.எஸ்.பி. போர்ட்டுகளை இயக்கும் ஹோஸ்ட் கன்ட்ரோலர் தானாகவே மீண்டும் முயல்கிறது; அந்த முயற்சி பலித்துவிட்டால் இயங்குதளத்துக்குச் செய்தியே போகாது என்பதால், பதிவு பழுதற்றதாகத் தெரியும். பொதுவாகத் தொடர்ந்து மூன்று முறை தோற்ற பிறகே, லினக்ஸில் பரிமாற்றப் பிழையைக் குறிக்கும் -71 என்ற நிலை எண் தென்படும். அப்போதும் சாதனம் பதிலே தரவில்லையா, வந்த பதில் சி.ஆர்.சி. எனும் தரவுப் பிழைச் சோதனையில் தேறவில்லையா என்பதை எக்ஸ்.எச்.சி.ஐ. வகை ஹோஸ்ட் கன்ட்ரோலர்களில் அந்த எண்ணை வைத்துப் பிரித்தறிய முடியாது. ஆகவே, பதிவில் பிழை இல்லை என்பதற்காகக் கேபிள் நல்லது என்றோ, -71 வந்ததற்காகப் போர்டு போய்விட்டது என்றோ கடைக்காரரிடம் சொல்லிவிடக் கூடாது. முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், செலவும் குறைவு.

சாதனத்தைச் செருகிய பிறகு பதிவைத் தொடங்குவது அடுத்த தவறு. செருகிய கணத்தில் பரிமாறப்படும் டிஸ்கிரிப்டர்கள், அதாவது சாதனம் தன்னைப் பற்றித் தரும் விவரங்கள், விடுபட்டால், பின்னால் வரும் பைட்டுகள் எந்த வகைச் சாதனத்துடையவை என்பதை வயர்ஷார்க்கால் பெரும்பாலும் இனங்காண முடியாது. பதிவை ஓடவிட்ட பிறகே கேபிளைச் செருக வேண்டும்.

யு.எஸ்.பி.மானின் உரை வடிவப் பதிவை நேரடியாகப் படிப்போர் அதில் ஒரு நிகழ்வுக்கு 32 பைட் தரவு மட்டுமே காட்டப்படும் என்பதை மறந்து, சாதனம் பாதித் தரவையே அனுப்பியதாக முடிவு கட்டுகின்றனர். முழுத் தரவு வேண்டுமெனில் பைனரி இடைமுகத்தைப் பயன்படுத்தும் வயர்ஷார்க்கே ஏற்றது. ஒரே கோரிக்கை சமர்ப்பிப்பு, நிறைவு என இரு வரிகளாக வருவதையும் இரு பரிமாற்றங்களாக எண்ணக் கூடாது. தராசிலிருந்து வரும் எடை, நிறைவு வரியில்தான் இருக்கும். சமர்ப்பிப்பு வரியில் காணும் நீளம், கேட்கப்பட்ட இடத்தின் அளவு மட்டுமே.

நேரக் கணக்கிலும் கவனம் வேண்டும். ஹை ஸ்பீட் யு.எஸ்.பி.யில் மைக்ரோ பிரேம் எனும் நேரக் கூறு ஒன்று 125 மைக்ரோ நொடி; மென்பொருள் இடும் நேரமுத்திரையோ இயங்குதளம் அந்நிகழ்வைக் கவனித்த தருணத்தையே குறிக்கிறது. தரவு இன்னும் தயாரில்லை என்று சாதனம் அனுப்பும் நாக் பதில்கள் பதிவில் வருவதே இல்லை. தாமதத்தின் காரணம் அந்த அளவு நுணுக்கத்தில் தேவைப்பட்டால், கேபிளின் நடுவே இணைக்கும் வன்பொருள் அனலைசரை இரவல் வாங்கியாவது பயன்படுத்த வேண்டும்.

பதிவுக் கோப்பைப் பென்டிரைவில் சேமிப்போர், அந்தப் பென்டிரைவின் போக்குவரத்தும் பதிவில் கலந்து கோப்பு வீங்குவதைக் காண்பார்கள். உள் வட்டிலேயே சேமிப்பது நல்லது. எல்லா பஸ்களையும் (யு.எஸ்.பி. இணைப்புத் தடங்களையும்) சேர்த்துப் பதியும்போது, கடைக்காரர் யு.எஸ்.பி. கீபோர்டில் அடித்த கடவுச்சொல்லும் அந்தக் கோப்பில் இருக்கும். சாதனம் உள்ள பஸ்ஸை மட்டும் தேர்ந்தெடுங்கள். அதே பஸ்ஸில் கீபோர்டும் இருந்தால் அதன் வரிகளை நீக்கிய பிறகே கோப்பைப் பிறருக்கு அனுப்புங்கள்.