இரட்டைக் குழந்தை வீட்டுக்கு ஒரு காலண்டர் தாள்

‘இப்ப யாருக்குப் பால் கொடுத்தேன், பெரியவனுக்கா சின்னவளுக்கா?’ என்று நடுராத்திரியில் குழம்பாத இரட்டைக் குழந்தைத் தாய் உண்டா? கணக்கு எழுதுவதில் பேர்போன செட்டிநாட்டில் இதற்கா வழியில்லை! தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். நடுவில் ஒரு கோடு; ஆளுக்கொரு பக்கம். பால் குடித்த நேரம், எந்த மார்பில், ஈரத்துணி, மலம், அவ்வளவுதான். பேனாவை ஜன்னல் கம்பியில் கட்டிவையுங்கள், இல்லாவிட்டால் யாராவது எடுத்துப் போய்விடுவார்கள். ஆயா (பாட்டி) கைக்கு மாறினாலும் ஆத்தா கைக்கு மாறினாலும், தாளைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஈரத்துணி தினம் 6-க்குக் குறைந்தாலோ, பாலுக்குக்கூட எழாமல் தூங்கினாலோ டாக்டரிடம் காட்டுங்கள். தாளையும் கையோடு எடுத்துப் போங்கள்.

ஒன்று பாலுக்கு எழுந்தால் மற்றதையும் எழுப்பிவிடுங்கள். ‘தூங்குற பிள்ளையை எழுப்பாதே’ என்று ஆயா அதட்டத்தான் செய்வார். ஆனால் அப்படிச் செய்தால்தான் நீங்கள் கொஞ்ச நேரமாவது சேர்ந்தாற்போல் கண்மூட முடியும். இரண்டு பக்கமும் தலையணை வைத்து, பிள்ளைகளின் கால் உங்கள் முதுகுப் பக்கம் போகும்படி அக்குளில் அணைத்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்தே குடிக்கும். பழகும்வரை தூக்கிக் கொடுக்கப் பக்கத்தில் ஆள் வேண்டும்.

பலகாரத் தூக்கோடு பார்க்க வருகிறவர்களிடம், வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) காயும் துணியை மடித்துத் தரச் சொல்லுங்கள். சங்கடமே வேண்டாம்.