முல்லைக் கொடியில் மொட்டு கொட்டுகிறதா? பூச்சியைக் கண்டுபிடித்து அடக்கும் முறை

முல்லையோ ஜாதிமல்லியோ, கொடி பந்தலில் நன்றாகப் படர்ந்திருக்கும். கொத்துக் கொத்தாக மொட்டும் வைக்கும். ஆனால் பூக்கிற சமயத்தில் மொட்டு ஊதா நிறமாகிக் கீழே கொட்டும். உடனே கடைக்குப் போய் "பூச்சி மருந்து கொடுங்க" என்று வாங்கி வந்து அடிப்பவர்கள்தான் அதிகம். பல நேரம் அது பலன் தராது. காரணம், மொட்டை ஊதாவாக்கும் பூச்சிகள் இரண்டு உண்டு. ஒன்றைக் கொடியிலேயே அடக்கிவிடலாம். மற்றொன்றுக்கு மண்ணையும் கவனிக்க வேண்டும். அதனால் முதல் வேலை பார்ப்பது. மருந்தெல்லாம் அப்புறம்தான்.

படி 1: மொட்டைப் பிளந்து பாருங்கள்

ஊதாவான மொட்டுகளில் ஒரு கைப்பிடி பறித்து வெள்ளைத் தாளில் பரப்புங்கள். ஒரு பிளேடும், கிடைத்தால் ஒரு பூதக்கண்ணாடியும் போதும்.

மொட்டில் வட்டமான ஓட்டை இருந்தால் அது மொட்டுப்புழு. உள்ளே கருந்தலையோடு பச்சை நிறப் புழு இருக்கும். அல்லது அது தின்றுவிட்டுப் போன எச்சமாவது இருக்கும். பக்கத்து மொட்டுகளை மெல்லிய நூலால் சேர்த்துக் கட்டி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். ஒரே புழு பல மொட்டுகளைக் கெடுப்பது இப்படித்தான்.

ஓட்டையே இல்லை, ஆனால் மொட்டின் அடிப்பகுதி வீங்கி, வளர்ச்சி நின்று குட்டையாக இருக்கிறதா? நீளவாக்கில் பிளந்து பாருங்கள். காலில்லாத வெளிர் நிறப் புழுக்கள் மிகச் சிறிதாக, பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்டு நெளியும். இது மொட்டு ஈயின் வேலை. ஈ முட்டையை மொட்டிலேயே இட்டுவிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, பிறகு மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். அங்கிருந்து ஈயாக வெளியே வந்து மறுபடி மொட்டுக்குப் போகும். இந்தச் சுற்று சுமார் 3 முதல் 4 வாரம். புழு மொட்டுக்குள் இருப்பதால் மேலே அடிக்கும் மருந்து அதைத் தொடுவதே இல்லை.

படி 2: இலையைத் திருப்பிப் பாருங்கள்

இலையின் மேல்புறத்தில் ஊசியால் குத்தியதுபோல் வெளிர் புள்ளிகள் தெரிந்தால், அந்தக் கிளையை வெள்ளைத் தாளின் மேல் தட்டுங்கள். விழுந்த தூசு நகர்ந்தால் அது சிவப்புச் சிலந்தி. வெயில் காலத்தில்தான் பெருகும். இது பூச்சி இனமே இல்லை. அதனால் பொதுவான பூச்சிக்கொல்லிகள் பல இதற்கு வேலை செய்யாது. சில மருந்துகள் இதைத் தின்னும் நல்ல உயிர்களைக் கொன்று, நிலைமையை இன்னும் மோசமாக்கிவிடும்.

இலையிலும் இளந்தண்டிலும் வெள்ளைக் கம்பளி போல வளர்ந்திருந்தால் அது எரியோபிட் சிலந்தி. கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கிளையை வெட்டி அகற்றுவதே முதல் மருத்துவம். முல்லையில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் 'பாரிமுல்லை' ரகம் இதைத் தாங்கி நிற்கும். புதிதாக நடுபவர்கள் கேட்டு வாங்கலாம்.

இலையைத் தொட்டதும் வெள்ளையாகச் சிறு கூட்டம் பறந்தால் வெள்ளை ஈ. கணுக்களில் பஞ்சு ஒட்டியதுபோல் இருந்து, தண்டில் எறும்பும் ஏறினால் மாவுப்பூச்சி. இலைகள் நூலாம்படையில் சிக்கி, சல்லடையாகச் சுரண்டப்பட்டிருந்தால் இலை பிணைக்கும் புழு. நிழலான அடிக்கிளைகளில் தேடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளையாக, ஆனால் நீளமான மெழுகு இழைகளோடு சுறுசுறுப்பாக ஓடுவது தெரிந்தால் விட்டுவிடுங்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழு.

படி 3: கையால் முடிவதை முதலில்

ஊதாவான மொட்டு, பின்னிய இலை எல்லாவற்றையும் தினமும் பறித்து, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வெளியேற்றுங்கள். உரக்குழியில் போட வேண்டாம். மொட்டு ஈ இருந்தால் 4 வாரம் விடாமல் இதைச் செய்ய வேண்டும். கீழே விழுந்த மொட்டையும் விடாமல் பொறுக்குங்கள், அதிலிருந்துதான் புழு மண்ணுக்குப் போகிறது. கொடியடி மண்ணை லேசாகக் கொத்திவிட்டு, வேப்பம் புண்ணாக்கு தூவிக் கிளறுங்கள். மேலாக இருக்கும் கூட்டுப்புழுக்கள் வெளியே வந்து வெயிலில் காயும்.

சிவப்புச் சிலந்திக்கும் மாவுப்பூச்சிக்கும் குழாயை வேகமாகத் திறந்து இலையின் அடிப்புறத்தில் தண்ணீர் பீய்ச்சுவதே பெரிய வைத்தியம். வெள்ளை ஈக்கு மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிப் பந்தலில் கட்டுங்கள். எறும்பு ஏறும் வழியையும் அடைத்துவிடுங்கள். எறும்பு காவல் இருக்கும்வரை மாவுப்பூச்சி போகாது.

படி 4: தெளிப்பு

வேப்பெண்ணெய்: முதலில் 5 மில்லி எண்ணெயில் 1 மில்லி திரவ சோப்பைக் கலக்குங்கள், பிறகு 1 லிட்டர் தண்ணீர் சேருங்கள். வரிசை மாறினால் எண்ணெய் மிதக்கும். வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, இளம் சிலந்தித் தாக்குதல் எல்லாவற்றுக்கும் இது போதும்.

மொட்டுப்புழுவுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் நல்லது. 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் துணியில் கட்டி, 1 லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவையுங்கள். காலையில் பாலாக வரும்வரை பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் சோப்பு சேர்த்து அன்றைக்கே தெளித்துவிடுங்கள். மொட்டு அரும்பும்போதே தொடங்க வேண்டும். புழு உள்ளே போனபின் பயனில்லை.

சிலந்தி அடங்கவில்லை என்றால் மட்டும் நனையும் கந்தகத் தூள், லிட்டருக்கு 2 கிராம். கடும் வெயிலில் இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்து 2 வாரத்துக்குள் கந்தகம் அடிக்கவே கூடாது.

எதை அடித்தாலும் முதலில் நாலைந்து இலைகளில் தெளித்து 2 நாள் பாருங்கள். பறிக்கத் தயாரான மொட்டையெல்லாம் பறித்த பிறகு, மாலையில் தெளியுங்கள். தலையில் வைக்கிற பூ இது. அதனால் வீட்டுக் கொடிக்குக் கடுமையான ரசாயனம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

படி 5: வருடாந்திரக் கவாத்து

முல்லையை ஜனவரி கடைசியிலும், ஜாதிமல்லியை டிசம்பர் கடைசியிலும், குண்டுமல்லியை நவம்பர் கடைசியிலும் கவாத்து செய்வது தோட்டங்களில் வழக்கம். தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டுவார்கள். பந்தல் கொடி என்றால் காய்ந்தது, நெருக்கமானது, நோயுற்றது ஆகியவற்றை நீக்கினாலே போதும், உள்ளே வெயிலும் காற்றும் புகும். வெட்டிய கழிவைப் பந்தலடியில் ஒரு நாள்கூடப் போட்டுவைக்காமல் அன்றே அகற்றிவிடுங்கள். அப்புறம் மண்ணைக் கொத்தி, புண்ணாக்கு கலந்து, தண்ணீர் விடுங்கள். புதுத் துளிரில் முதல் மொட்டு வந்ததும் வாரம் இருமுறை படி 1-ஐத் திரும்பச் செய்யத் தொடங்குங்கள்.