வட்டி ஏற ஏற என் கடன் பத்திர ஃபண்டு இறங்கியது

வட்டி ஏறினால் கடன் பத்திர ஃபண்டுக்கு நல்லதுதானே என்று நினைத்திருந்தேன். என்ஏவி, அதாவது ஃபண்டின் ஒரு யூனிட்டின் மதிப்பு, மாதாமாதம் இறங்கியது.

ஏதாவது நிறுவனம் கடனைத் திருப்பவில்லையோ என்று பத்திரப் பட்டியலை வரிவரியாகப் பார்த்தேன். எல்லாம் அரசுப் பத்திரங்கள். அப்புறம் நிர்வாகக் கட்டணம், அதிலும் மாற்றமில்லை. நான்கு நாள் போனது.

விடை மாதாந்திர அறிக்கையின் ஓரத்தில் இருந்தது. சராசரி முதிர்வு 9 ஆண்டு. அதன் கீழே பொடி எழுத்தில் 'மாடிஃபைடு டியூரேஷன்' 6.5. நான் முதல் எண்ணோடு நின்றுவிட்டேன். வட்டி ஏறினால் புதுப் பத்திரங்கள் கூடுதல் வட்டி தரும், அதனால் பழைய பத்திரங்களின் விலை இறங்கும். அந்த விலை எவ்வளவு ஆடும் என்று சொல்வது இரண்டாவது எண்: வட்டி 1 சதவீதப் புள்ளி ஏறினால் மதிப்பு ஏறக்குறைய 6.5 சதவீதம் குறையும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், என் நஷ்டம் அப்படியே பொருந்தியது. ஃபண்டின் பெயரில் 'நீண்டகாலம்' என்ற சொல்லே இல்லை என்பதுதான் வேடிக்கை.

2 ஆண்டில் தேவைப்படும் பணத்தை, டியூரேஷன் 2-க்குக் கீழே உள்ள ஃபண்டுக்கு மாற்றினேன். வெளியேறும் கட்டணம் முடியும் தேதி வரை காத்திருந்துதான். 10 ஆண்டு தொடாத பணத்தை அசைக்கவில்லை. அங்கே முதிரும் பத்திரங்களின் பணம் புது வட்டியில் போகிறது.

நேரடியாக வாங்கிய ஒரு பத்திரமும் சந்தையில் விலை குறைந்துதான் இருக்கிறது. முதிரும்போது முகமதிப்பு வந்துவிடும், சரி, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.